டர்போ வண்டி இழுக்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பிக்அப் போய்விட்டது, டர்போ போயிருக்கும் போலிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டேதான் பலர் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை விட்டு இறங்குகிறார்கள். நோய் இன்னதென்று தெரியும் முன்பே மருந்து முடிவாகியிருக்கும். கழற்றிப் பார்த்தால், புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அந்த டர்போ அதுபாட்டுக்கு நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கிழிந்த ரப்பர் ஹோஸோ, மாதக்கணக்கில் மாற்றாத டீசல் ஃபில்டரோ, கரி படிந்த வால்வோ ஒளிந்திருந்து வேடிக்கை பார்க்கும்.

சேலத்தில் எங்களிடம் அதிகம் வருவது 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் கொண்ட கார்கள். அதனால் பதில்களும் பெரும்பாலும் அதை வைத்தே இருக்கும். ஃபியட் வடிவமைத்த இன்ஜின் இது. ஃபியட் மல்டிஜெட் என்றும், மாருதி சுஸுகி டிடிஐஎஸ் என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும் பெயர் வைத்து விற்றன. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்ட்டோ எல்லாவற்றிலும் இதுதான். கொள்ளளவு 1,248 சிசி. சாதாரண டர்போ பூட்டியது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் தரும். எர்டிகா போன்றவற்றில் வந்த, உள்ளே அசையும் இதழ்கள் கொண்ட விஜிடி டர்போ 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆகவே மாருதியின் கடைசி டீசல் காருக்கும் வயதாகிவிட்டது, ரப்பருக்கும் வயதாகிவிட்டது.

இழுவை குறைந்திருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

நியாயமான சந்தேகம். புது வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழைய வண்டியில் ஏறினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆளில்லாத சமமான சாலையில், மூன்றாவது கியரில், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 3,500 எட்டுவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். ஏசியை அணைத்துவிட வேண்டும். வண்டி நன்றாக இருக்கும் காலத்திலேயே இதைச் செய்து, சர்வீஸ் புத்தகத்தின் பின் அட்டையில் குறித்து வைத்தால் பின்னால் பெரிய உதவி.

இன்ஜின் மேல் பழி போடும் முன் வேறு சிலவற்றைக் கழித்துவிடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு சக்கரத்தின் ரிம் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மேட்டில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டயரில் காற்று சரியா என்று பாருங்கள்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். தரை விரிப்பு. தொழிற்சாலை விரிப்பின் மேல் ஒரு தடித்த விரிப்பு, அதன் மேல் மழைக்கு ஒரு ரப்பர் விரிப்பு என்று மூன்று அடுக்கு போட்டிருந்தார் ஒருவர். ஆக்சிலரேட்டர் முக்கால் தூரம்தான் இறங்கியது. இரண்டு விரிப்பை உருவி டிக்கியில் போட்டதும் வண்டி சரியாகிவிட்டது. என்ன பணம் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை.

எந்த நேரத்தில் இழுக்கவில்லை என்பது முக்கியமா?

பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

கீழே, 1,800 ஆர்பிஎம்முக்குள் மந்தமாக இருந்து, அதன் பிறகு பழையபடி பாய்ந்தால் முதலில் உங்கள் கியரைப் பாருங்கள். இந்த 75 குதிரைத்திறன் இன்ஜினின் முழு முறுக்கு விசை 2,000 ஆர்பிஎம்மில்தான் வருகிறது. அதற்குக் கீழே தூங்குவது பிறவிக் குணம். மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடை ஏறி இறங்கிவிட்டு ‘இழுக்கவில்லை’ என்று சொல்வது அதன் குற்றமாகாது. முன்பு 1,800இல் விழித்தது இப்போது 2,500இல்தான் விழிக்கிறது என்றால் அது நோய்: காற்றுக் கசிவு, திறந்தே நிற்கும் வேஸ்ட்கேட் (டர்போவில் மிச்சப் புகையை வெளியே விடும் சிறு கதவு), விஜிடி என்றால் இறுகிப்போன இதழ்கள்.

கீழே நன்றாக இருந்து, மேலே 3,000 தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தால் எங்கோ அடைப்பு. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், சைலன்சர் பக்கம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

லாரியை முந்தும்போது திடீரென்று உயிர் போனதுபோல் ஆகி, ஓரம்கட்டிச் சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதா? அது லிம்ப் மோட். ஏதோ ஒரு அளவு எல்லை மீறியதைக் கண்டு, வண்டியின் கணினி இன்ஜினைக் காப்பாற்ற விசையைக் குறைத்துவிட்டது. விஜிடி வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

புகையின் நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

பிஎஸ்4 வரையிலான டீசல் வண்டியில் ஓரளவு முடியும். மிதிக்கும்போது கறுப்புப் புகை கொட்டி, இழுவையும் இல்லையென்றால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று இல்லை. ஹோஸ் கிழிசலும் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்து நிற்பதும் முதல் சந்தேகம். இழுவை இல்லை, ஆனால் புகையே இல்லையென்றால் டீசல் போதவில்லை, அல்லது கணினியே டீசலைக் குறைத்துக் கொடுக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்கவில்லையென்றால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் கூலன்ட் அளவையும் பாருங்கள்.

பிஎஸ்6 டீசலில் கறுப்புப் புகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சைலன்சர் வழியில் உள்ள டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி பெரும்பாலான கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செக் இன்ஜின் விளக்கே எரியவில்லையே, எப்படிப் பழுது இருக்கும்?

தாராளமாக இருக்கும். கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி, அது குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் கணினி விளக்கைப் போடும். சின்னக் கசிவு அந்த எல்லைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். விஜிடி டர்போவில் இன்னும் மோசம்: கசிகிற காற்றை ஈடுகட்டக் கணினி டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றும். ஓட்டுபவருக்குக் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே டர்போ அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருக்கும்.

வண்டியின் கணினியைப் படிக்க ஆன்லைனில் வாங்கிய சின்ன புளூடூத் ஸ்கேனர் போதுமா?

முதல்கட்டச் சோதனைக்குப் போதும். பழுதுக் குறியீட்டைப் படிப்பதைவிட, ஓடும்போது வரும் எண்களைப் பார்ப்பதில்தான் அதன் பயன். செல்போனைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க வேண்டும்.

முதலில் இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அங்கே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே. சென்னையில் 101 கிலோபாஸ்கல், சேலத்தில் சுமார் 98, ஏற்காட்டின் மேல் சுமார் 85. சேலத்தில் நின்றுகொண்டு 80 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. மேலே போக வேண்டியதில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது கியர், முழு மிதி, 2,500 ஆர்பிஎம். நல்ல நிலையில் உள்ள இந்த இன்ஜினில் அழுத்தம் 200 கிலோபாஸ்கலை ஒட்டி வர வேண்டும், அதாவது வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு. 140, 150இல் நின்றுவிட்டால் காற்று எங்கோ போகிறது, அல்லது வரவே இல்லை.

இரண்டில் எது என்று சொல்வது காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார். கணக்கு எளிது. ஒரு சிலிண்டர் 312 சிசி. 200 கிலோபாஸ்கலில், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டி வரும் வெதுவெதுப்பான காற்று ஒரு லிட்டர் சுமார் 2 கிராம் இருக்கும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 0.6 கிராம். 2,500 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து வினாடிக்கு 83 முறை உறிஞ்சுகின்றன. பெருக்கினால் வினாடிக்கு 50 கிராம்.

இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். அழுத்தம் 140தான், ஆனால் மாஃப் 50 கிராமை நெருங்குகிறது என்றால், அளந்து உள்ளே விட்ட காற்று சிலிண்டருக்குப் போகும் வழியில் வெளியேறுகிறது; டர்போவுக்கு அப்புறம் உள்ள குழாய்களைத் தேடுங்கள். இரண்டுமே குறைவு என்றால் காற்று உள்ளே வரவே இல்லை: ஃபில்டர் அடைப்பு, டர்போ சுற்றாதது, சைலன்சர் பக்கம் அடைப்பு ஆகியவற்றில் ஒன்று. அழுத்தம் ஓரளவு இருக்கிறது, மாஃப் மட்டும் மிகக் குறைவு என்றால் ஈஜிஆர் திறந்திருக்கிறது, அல்லது மாஃப் சென்சாரே அழுக்கேறிக் குறைத்துச் சொல்கிறது.

பி0299 என்று குறியீடு வந்திருக்கிறது. டர்போ மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

வேண்டாம், பொறுங்கள். அந்தக் குறியீட்டுக்கு ‘கேட்ட அழுத்தம் வரவில்லை’ என்று மட்டுமே பொருள். ‘டர்போ கெட்டுவிட்டது’ என்று எழுதிய குறியீடு எந்தக் கணினியிலும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்ஸி ஓட்டுநர் வந்தார். வேறோர் இடத்தில் டர்போவை மாற்றியிருந்தார். பில் கையில் இருந்தது. புது டர்போ பளபளவென்று இருந்தது. வண்டி மட்டும் ஏற்காடு மலையில் இரண்டாவது கியரைத் தாண்ட மறுத்தது. “அண்ணா, டர்போவே டூப்ளிகேட்டாக இருக்குமோ?” என்று அவர் கேட்டபோது குரல் கம்மியிருந்தது. மாதத் தவணை கட்டும் வண்டி அது.

ஓட்டிப் பார்த்தோம். அழுத்தம் 145, மாஃப் கிட்டத்தட்ட முழு அளவு. காற்று வழியில் போகிறது என்று தெரிந்துவிட்டது. பானட்டைத் திறந்து பார்த்தால் ஹோஸ் எல்லாம் நன்றாகவே தெரிந்தன. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினேன். விரல் நுனியில் கறுப்பாக ஆயில் பிசுக்கு ஒட்டியது. கழற்றித் திருப்பினால், கிளாம்ப் ஓரமாக ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். கையில் வைத்து வளைக்காதவரை அது வாயே திறக்கவில்லை. வண்டி நிற்கும்போது மூடிக்கொள்ளும். மிதித்து அழுத்தம் ஏறும்போது மட்டும் மீன்வாய் போல் பிளக்கும். அதனால்தான் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்த யாருக்கும் அது தெரியவில்லை.

ஹோஸை மாற்றிவிட்டு அதே மலையில் ஏற்றினோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் அவரே ஓட்டினார், ஒன்றும் பேசவில்லை. கழற்றிய பழைய டர்போ எங்கே என்று கேட்டேன். அங்கேயே விட்டுவிட்டாராம்.

பழுதான பாகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஹோஸ் கசிவை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, செலவும் குறைவு. டர்போவின் காற்று நுழையும் வாய்க்கு வரும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி, அதன் உள் அளவுக்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். நடுவில் துளையிட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வைச் செருகுங்கள். பஞ்சர் கடையில் கேட்டால் கிடைக்கும். மூடியைச் சின்ன ரப்பர் துண்டு வைத்து டர்போ வாயில் கிளாம்ப் போட்டு இறுக்கி, கால் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். 10 பிஎஸ்ஐ போதும், 15ஐத் தாண்டக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், மூடிக்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது. அது கழன்று பறந்தால் பல் போகும்.

ஷாம்பு கரைத்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொரு மூட்டிலும், இன்டர்கூலர் தையலிலும், ஹோஸின் அடிப்பக்கத்திலும் அடியுங்கள். நுரை கொப்பளிக்கும் இடம்தான் குற்றவாளி. அடித்த காற்று கொஞ்ச நேரத்தில் இறங்கத்தான் செய்யும். திறந்திருக்கும் வால்வு வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளியே நுரை வருகிறதா என்பதே கேள்வி.

நெல் மூட்டை கட்டும் சணல் போல ஹோஸைச் சுற்றி டேப் ஒட்டி வருபவர்கள் உண்டு. பட்டறை வரை வந்து சேர அது உதவும்.

விஜிடிக்கும் சாதாரண டர்போவுக்கும் சோதனையில் என்ன வித்தியாசம்?

நேர் எதிர். இது தெரியாமல் குழப்பிக்கொள்பவர்கள் மெக்கானிக்குகளிலேயே இருக்கிறார்கள்.

75 குதிரைத்திறன் வண்டியின் டர்போவில் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு இருக்கிறது. அழுத்தம் போதுமான அளவு வந்ததும் அந்த அழுத்தமே ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்து கம்பியைத் தள்ளிக் கதவைத் திறக்கும். மிச்சப் புகை டர்போவைச் சுற்றாமல் வெளியே போகும். இந்தக் குழாய் கிழிந்தால் கதவு திறக்கவே திறக்காது, அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். குறியீடு பி0234. கம்பி துருப்பிடித்துத் திறந்த நிலையில் நின்றுவிட்டால் அழுத்தம் வராது.

விஜிடியில் கதவு இல்லை. டர்பைனைச் சுற்றிச் சிறு இதழ்கள் இருக்கின்றன. வேக்குவம் (காற்றை உறிஞ்சும் விசை) இழுத்தால் இதழ்கள் மூடிப் புகையின் வேகம் கூடும். வேக்குவம் இல்லையென்றால் இதழ்கள் திறந்துவிடும். ஆகவே இங்கே மெல்லிய குழாய் கிழிந்தால் அழுத்தம் வராமல் போகும். இந்தக் குழாய் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து முறுக்கு போல நொறுங்கும், எலியும் கடிக்கும். இன்ஜினை இயக்கி அணைக்கும்போது டர்போவின் பக்கத்துக் கம்பி வழவழப்பாக ஏறி இறங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் தயங்கினாலோ, வெட்டி வெட்டி நகர்ந்தாலோ இதழ்களில் கரி. ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டிகளுக்கு இது அதிகம் வரும். கம்பியே அசையவில்லையென்றால் டர்போவைத் தொடும் முன் வேக்குவம் பம்ப், அதைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வு, குழாய் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஈஜிஆர் வால்வை அடைத்துவிட்டால் இழுவை கூடும் என்கிறார்களே?

கெட்டுத் திறந்தே நிற்கும் ஈஜிஆரை அடைத்தால் கூடத்தான் செய்யும். காலில் குத்திய முள்ளை எடுத்தால் நடை கூடுவது போல. நல்ல நிலையில் இருக்கும் ஈஜிஆர், முழு மிதியில் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் அதை அடைத்து ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. புகை விதியையும் மீறுகிறீர்கள், பி0401 குறியீடும் வரும்.

புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது அதன் வேலை. அந்தப் புகைக் கரியும் டர்போ பக்கமிருந்து வரும் ஆயில் ஆவியும் கலந்து வால்வின் வாயில் தார் போல உறையும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மோட்டார் பழுதென்றால் மாற்றத்தான் வேண்டும்.

டீசல் பக்கம் எப்படிச் சோதிப்பது?

ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லையென்றால் மாற்றிவிடுங்கள், விவாதமே வேண்டாம். கழற்றும்போது அதிலுள்ள டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

ஸ்கேனரில் ரயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) காட்டினால் அதையும் பாருங்கள். மிதிக்காமல் ஓடவிடும் ஐடிலில் 250 முதல் 350 பாருக்குள் இருக்கும். முழு மிதியில் ஆயிரத்தைத் தாண்டிப் பாய வேண்டும். மிதித்ததும் ஏறி, பிறகு தளர்ந்து கீழே விழுந்தால் பி0087 வரும். ஃபில்டர் புதிது, அப்படியும் விழுகிறது என்றால் இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களைக் கழற்றி நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு ஓடவிடுவோம். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைப் போல இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. உயர் அழுத்தக் குழாய் எதையும் வீட்டில் தளர்த்த வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கை போய்விடும்.

டர்போவே கெட்டிருந்தால் எப்படித் தெரியும்?

ஆம்புலன்ஸ் சைரன் போன்ற ஓலம், நீலப் புகை, ஆயில் அளவு குறைவது மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. காற்றுக் குழாயைக் கழற்றி, அச்சின் முனையைப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடும். அது ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங், இயல்பு. முன்னும் பின்னும் இழுபட்டாலோ, இதழ் நுனி சுவரில் உரசிய பளபளப்பு தெரிந்தாலோ முடிந்தது. குழாய்க்குள் ஆயில் ஈரம் கொஞ்சம் இருப்பதை வைத்து டர்போவுக்கு மரணச் சான்றிதழ் எழுதக் கூடாது. இன்ஜினின் ஆவி போகும் வழி அது.

கெட்டது உறுதியானால், ஏன் கெட்டது என்று தெரியாமல் புதிதைப் பூட்டாதீர்கள். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகும் பொருள் அது. ஆயில் வரும் குழாய் கரியால் சுருங்கியிருந்தால் புதியதும் சில வாரங்களில் அதே வழியில் போகும். இன்டர்கூலருக்குள் தேங்கிய ஆயிலையும் வடித்துக் கழுவ வேண்டும். அதை விட்டுவிட்டால் இன்ஜின் டீசலை விட்டு ஆயிலைக் குடித்துத் தானாகவே வேகமெடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நடந்தால் கியர் வண்டியில் பிரேக்கை முழுதாக அழுத்தி, ஐந்தாவது கியர் போட்டுக் கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள்.

ஏசி போட்டால் இழுக்கவில்லை. பழுதா?

இல்லை. 75 குதிரைகளில் சிலவற்றை கம்ப்ரசர் எடுத்துக்கொள்கிறது.

ஊருக்குள் நன்றாக ஓடுகிறது, மலையில் மட்டும் திணறுகிறதே?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல், கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அந்தக் கால் பங்கை அப்படியே இழக்கும். டர்போ வண்டி கூடுதலாகச் சுற்றி ஓரளவு ஈடுகட்டும். ஆனால் ஏற்கனவே கசிவு இருந்தால் ஈடுகட்ட மிச்சம் ஒன்றும் இருக்காது. சமவெளியில் தெரியாத கீறல் ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலையில் தெரிவது இதனால்தான். மலையில் திணறும் வண்டிக்கு முதலில் ஹோஸ் சோதனை.

பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது, இழுவையும் இல்லை. கழற்றி எறிந்துவிடலாமா?

கூடாது, சட்டப்படியும் கூடாது. டிபிஎஃப் கரியைச் சேர்த்து, சூடேறியதும் தானே எரித்துக்கொள்ளும். பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. விளக்கு புதிதாக எரிந்தால் நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து ஒரே சீராக ஓட்டுங்கள். அதற்கும் அணையாவிட்டால் ஸ்கேனர் மூலம் எரிக்க வேண்டும். அடிக்கடி அடைக்கிறது என்றால் டிபிஎஃப்பைத் திட்டாமல் கரி ஏன் அதிகம் வருகிறது என்று பாருங்கள். சுற்றி வந்து மறுபடி ஹோஸ், ஈஜிஆர், இன்ஜெக்டர்தான்.

பெட்ரோல் டர்போ வண்டிக்கும் இதே முறையா?

காற்றுப் பக்கம் இதேதான். கூடுதலாக ஸ்பார்க் பிளக்கும் காயிலும் உண்டு. அழுத்தம் ஏறிய காற்றில் பொறி பாய்வது கடினம், அதனால் தேய்ந்த பிளக் ஐடிலில் நல்லபிள்ளையாக இருந்து முழு மிதியில் மட்டும் தடுமாறும். தரம் குறைந்த பெட்ரோல் போட்டால் ‘நாக்’ எனப்படும் தட்டும் சத்தம் இன்ஜினுக்குள் வரும். கணினி பொறியைத் தாமதப்படுத்தி விசையைக் குறைக்கும். வேறு பங்கில் ஒரு டேங்க் நிரப்பிப் பார்த்துவிட்டு மற்றதைக் கழற்றலாம்.

இன்ஜின் கிளீனர், டீகார்பனைசிங் செய்தால் சரியாகுமா?

கிழிந்த ஹோஸை எந்தத் திரவமும் தைக்காது. அந்தப் பணத்தில் மூன்று ஃபில்டரும் வாங்கலாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் இழுக்கவில்லை. பிறகு?

பிறகு இன்ஜினின் உள்ளே. கம்ப்ரஷன் சோதனை, டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்ற சோதனை. குளிரில் இயக்கியதும் சில வினாடி சரசரவென்று சங்கிலி உரசும் ஓசை வந்தால் செயினை முதலில் பாருங்கள். ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் இது வரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைப்பையும் இந்தக் கட்டத்தில் உறுதிசெய்வோம்: அதற்கு முன்னால் உள்ள இணைப்பைத் தளர்த்தி ஒருமுறை ஓட்டினால் சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் வண்டி பாய்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

பட்டறைக்கு வரும்போது என்ன சொல்ல வேண்டும்?

எந்த கியரில், எந்த ஆர்பிஎம்மில், சூடேறிய பிறகா முன்பா, புகை உண்டா, அணைத்துப் போட்டால் சரியாகிறதா. கடைசியாக என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாள் இழுவை போன வண்டியில், துடைக்கும் துணி ஒன்றை ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே மறந்து மூடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ‘நேற்று ஃபில்டர் மாற்றினோம்’ என்ற ஒரு வார்த்தையை வண்டிக்காரர் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்தத் துணி எங்கள் பட்டறையுடையது.